வாங்கின விலைக்குப் போகும்

பழைய ஸ்பீக்கர் வாங்கவோ விற்கவோ வேண்டுமென்றால் அந்தத் தெருவில் எல்லோரும் பெட்டியக்காவிடம்தான் கைகாட்டி விடுவார்கள். சலவைக் கடைக்குப் பின்னால் அவள் கடை. ஆனால் ஒரு காலத்தில் ஸ்பீக்கர் என்ற பேச்சை எடுத்தாலே பல்லைக் கடித்தவள் அவள். கடிக்க வைத்தவர் அவள் புருஷன்.

அவருக்கு அச்சகத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் நிசப்தமாக இருக்கத்தானே ஆசைப்பட வேண்டும்? இவர் நேர்மாறு. கையிலிருக்கும் மையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் பாட்டைப் போட்டுவிடுவார். "நாள் பூரா இரும்புச் சத்தம் கேட்ட காதுக்கு மருந்து வேணாமா?" என்பார்.

மருந்து வாரா வாரம் வந்து இறங்கியது. சனிக்கிழமையானால் பழைய சாமான் சந்தைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது வாடகை வண்டியில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கும், போர்வையில் சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக் குழந்தையைக் கொண்டுவருகிற பதமாக. சலவைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான் அவர்கள் வீடு. கீழேயிருந்து எந்நேரமும் நீராவி வாசனை ஏறி வரும். அந்த இரண்டு அறையில் சுவரோரம் ஸ்பீக்கர், கட்டில் பக்கத்தில் ஸ்பீக்கர், கதவைத் திறந்தால் பாதியில் போய் முட்டுகிற இடத்தில் ஸ்பீக்கர்.

பெட்டியக்கா அப்போது சோபா கடையில் தையல்காரி. கெட்டித் துணியை இழுத்துப் பிடித்து, தைத்து, ஆணியடித்து, இடுப்பொடிந்து வீட்டுக்கு வருவாள். உள்ளே காலெடுத்து வைத்ததும் சுண்டுவிரல் பெட்டியில் இடிக்கும்.

"ஏங்க, இங்க மனுஷங்க இருக்கணுமா வேணாமா?"

"இது செலவில்லம்மா, சேமிப்பு. கார் வாங்கினா தெருவுக்கு வந்ததும் விலை பாதி. போன் வாங்கினா அடுத்த வருஷமே குப்பை. இது அப்படியா? என்னிக்கு வித்தாலும் வாங்கின விலைக்குப் போகும்."

"அந்த என்னிக்கு எப்பங்க வரும்?"

அவர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

இது இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மகள் பெரிய வகுப்புக்குப் போனதும் வினை வந்தது. படிக்க அவளுக்கு ஒரு மேசை வேண்டும். மேசை வாங்கலாம், எங்கே போடுவது? அதுவரைக்கும் என்று ஓர் உயரமான ஸ்பீக்கரின் மேல் நோட்டை விரித்து, நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். பக்கத்தில் ஒரு டம்ளர் பால். அச்சகத்திலிருந்து வந்தவர் பெண்ணைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தார்.

"ஐயையோ, எடு எடு! மரத்துல வட்டம் விழுந்துச்சுன்னா விலையே போயிடும்!"

சமையலறையிலிருந்து பெட்டியக்கா கரண்டியோடு வந்தாள். அவள் கத்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் மெதுவாகப் பேசினாள்.

"சரிங்க. ஒரே ஒரு ஜோடிய வித்துக் காட்டுங்க. வாங்கின விலைக்குப் போச்சுன்னா ஒரு வருஷத்துக்கு நான் இந்தப் பெட்டிங்களப் பத்தி வாயே திறக்க மாட்டேன். போகலைன்னா, அத்தனையும் வெளிய போகணும். சம்மதமா?"

மகள் பாலை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நான் நடுவர்" என்றாள்.

அவருக்கு வேறு வழியில்லை. கதவில் முட்டுகிற ஜோடியை விற்பது என்று முடிவாயிற்று. போனில் படம் பிடித்து விளம்பரம் போட்டார். படத்தில் ஸ்பீக்கர் பாதி, அவர் கால் கட்டைவிரல் பாதி. அப்படியும் ஆட்கள் வந்தார்கள். வந்தவரை உட்காரவைப்பார், தேநீர் கொடுப்பார், பாட்டைப் போடுவார், தானும் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு முடிந்ததும் ஆரம்பிப்பார்.

"வலது பக்கம் சின்னதா ஒரு கரகரப்பு இருக்கு, கேட்டீங்களா?"

"இல்லையே, நல்லாத்தானே இருக்கு."

"சரியாக் கேக்கலை நீங்க. இருங்க, மறுபடி போடறேன்."

வந்தவர் காதில் அந்தக் கரகரப்பு விழுகிறவரைக்கும் விடமாட்டார். விழுந்ததும் வந்தவர் எழுந்து போய்விடுவார். இப்படியே வந்தவர்கள் எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் போனபிறகும் கதவைச் சாத்திவிட்டு இவர் சீட்டியடித்துக்கொண்டே திரும்புவதைப் பெட்டியக்கா கவனித்தாள். 'இந்த மனுஷன் விற்கவே போவதில்லை, பந்தயம் இப்படியே இழுத்துக்கொண்டு கிடக்கும்' என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

சோபா கடைக்கு ஒரு நாள் லீவு போட்டாள். அவர் வேலைக்குப் போனதும் அந்த ஜோடியை நடு அறைக்கு இழுத்தாள். முன்பக்கத் துணி வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்தெடுத்து, கடையில் மீந்திருந்த சாம்பல் நிற மெல்லிய துணியைச் சட்டத்தில் மடிப்பு விழாமல் இழுத்து அடித்தாள். சோபா முதுகுக்கு அடிக்கிறவளுக்கு இது என்ன பெரிய காரியமா? மரத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். சன்னல் வெளிச்சத்தில் வைத்து, கால்விரல் இல்லாமல் படம் எடுத்தாள். விலை என்ன போடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. மனசில் வந்ததைப் போட்டாள்.

மத்தியானமே ஒருவர் வந்துவிட்டார், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஆசிரியர். பாட்டைக் கேட்டார், பின்பக்கம் பார்த்தார், மரத்தைத் தட்டினார்.

"விலை கொஞ்சம் அதிகமா இருக்கே?"

பெட்டியக்கா பதில் சொல்லவில்லை. சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, ஸ்பீக்கரைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியாததால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆசிரியருக்கு அந்த மௌனம் என்னவோ செய்தது.

"இல்ல, நல்ல பொருள்தான். இப்பல்லாம் இப்படி மரம் யார் போடறாங்க?"

அதற்கும் அவள் பேசவில்லை.

"சரி, சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபிறகு பெட்டியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தையில் புருஷன் கொடுத்ததைவிட ஒன்றரை மடங்கு! சாயங்காலம் அவர் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"என்னங்க, வித்துட்டேன்! நீங்க வாங்கினதுக்கு மேலயே..."

பாதி வாக்கியத்தில் அவள் முகம் மாறியது. அவர் முகமும் மாறியது, வேறு மாதிரி. உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் தலையை நீட்டித் தீர்ப்புச் சொன்னாள்.

"அம்மா, நீ வித்து ஜெயிச்சு, பந்தயத்துல தோத்துட்ட."

அச்சகக்காரர் சிரித்த சிரிப்பில் சலவைக் கடைக்காரர் கீழேயிருந்து என்னவென்று கேட்டார்.

பெட்டியக்கா சொன்ன சொல் தவறாதவள். அடுத்த சனிக்கிழமை அவர் புது ஜோடியோடு வந்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். "புருவமும் பேச்சுதானே?" என்று அவர் முறையிட, "புருவம் கணக்குல வராது" என்றாள் நடுவர்.

பேசத்தான் தடை, விற்கத் தடையில்லையே. ஒரு தடவை கை ருசி கண்டுவிட்டது. கதவோரம் காலியான இடத்தில் மகளுக்கு மேசை போட்டாயிற்று. அந்த ருசியும் சேர்ந்துகொண்டது. அவர் வாங்கி வருவதைத் துடைத்து, துணி மாற்றி, ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தாள். விற்க விற்கப் பொருளின் குணம் பிடிபட்டது. உள்ளே அதிர்ந்து பாடுகிற காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு மெத்து வளையம் இருக்கும், வயதானால் அதுதான் முதலில் பொடிந்து கொட்டும். அதை மாற்றிவிடலாம், பயப்பட வேண்டியதில்லை. இரண்டு பெட்டியும் ஒன்றாகப் பிறந்தவையா என்று முதுகிலிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். வந்த அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறவர் பொருளையும் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்.

அடியும் பட்டாள். ஒரு தடவை பளபளவென்று வெள்ளையாக, கம்பியே இல்லாத, போனில் தொட்டால் பாடுகிற ஸ்பீக்கர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அதைப் பாட வைக்கும் செயலியை அந்தக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டிருந்தான். மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடப் போயிற்று. 'உள்ளே மூளை வைத்த பெட்டிக்குச் சீக்கிரம் வயசாகிறது. வெறும் மரமும் கூம்பும் கம்பியுமாக இருக்கிற மக்குப் பெட்டிக்கு வயசே ஆவதில்லை' என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். பிறகு அந்தத் தப்பைச் செய்யவே இல்லை.

இப்போது புலம்பல் இடம் மாறியது.

"போன வாரம் கொண்டுவந்ததக் காணோமே?"

"போயிடுச்சு" என்பாள் மகள்.

"நான் இன்னும் ஒழுங்காக் கேக்கக்கூட இல்லையே!"

பெட்டியக்கா உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டுவாள். அதைப் பற்றித்தான் அவள் பேசக்கூடாதே!

ஒரு நாள் அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். "எத வேணா வித்துக்கோ. சன்னல் பக்கம் இருக்கிற ஜோடி மேல மட்டும் கை வெச்சுடாத." அது அவர் அச்சகத்தில் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. இடுப்பு உயரம், தேன் நிற மரம். பெட்டியக்கா தலையாட்டினாள். மனசிலும் வாங்கிக்கொண்டாள்.

ஆனால் அச்சகக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. இங்கே வைத்தால் நன்றாகக் கேட்குமா, அங்கே வைத்தால் நன்றாகக் கேட்குமா என்று பெட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியக்காவும் மகளும் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில், சன்னல் பக்கத்து ஜோடியை அலமாரிப் பக்கமும் அலமாரிப் பக்கத்து ஜோடியைச் சன்னல் பக்கமும் மாற்றி வைத்துவிட்டார். இரண்டும் ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே நிறம். போதாததற்கு எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே சாம்பல் நிறத் துணியைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை மாதிரி ஆக்கி வைத்திருந்தாள் இவள்.

மறுநாள் முடிதிருத்தும் கடைக்காரி வந்தாள். பழைய ரொட்டிக் கடை இருந்த இடத்தில் புதிதாகக் கடை போட்டிருக்கும் இளம் பெண், வாய் ஓயாமல் பேசுகிறவள். அலமாரிப் பக்கத்து ஜோடியைக் கேட்டதும் அவள் பேச்சே நின்றுவிட்டது.

"அக்கா, எனக்கு இதுதான் வேணும். ஆனா இவ்வளவு போட்டு வாங்கறேன், நாளைக்குக் கடை சரியாப் போகலைன்னா?"

"அதுக்கெல்லாம் கவலையே படாத. எத்தனை வருஷம் கழிச்சு வித்தாலும் ஒரு காசு குறையாது. ஏறுமே தவிர இறங்காது. நான் கேரண்டி" என்று பெட்டியக்கா அடித்துச் சொன்னாள். இப்போதெல்லாம் அவளுக்குப் பேசத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார், கை கழுவினார், பாட்டைப் போட்டார். முதல் வரி முடிவதற்குள் நிமிர்ந்தார். அறையைச் சுற்றிலும் பார்த்தார்.

"அலமாரிப் பக்கம் இருந்தது எங்க?"

"வித்துட்டேன்."

"அதுதான் அது!"

"நீங்க சன்னல் பக்கம்தானே கை வைக்காதன்னீங்க? நான் வைக்கலையே!"

"நேத்துதான் மாத்தி வெச்சேன்!"

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"பெட்டியப் பத்தி நம்ம வீட்டுல பேசக்கூடாதே!"

"நான்தாங்க பேசக்கூடாது! நீங்க பேசலாமே!"

வேறு நாளாக இருந்தால் அவர்களே சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் சண்டை போடவும் இல்லை. எழுந்து பாட்டை நிறுத்திவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மறுநாளும் பாட்டில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கீழே சலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் மேலே வரை கேட்கும் என்பதே பெட்டியக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக எந்த நிசப்தத்துக்கு ஏங்கினாளோ அது வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவளை அறுத்தது.

வாரக் கடைசிக்குள் முடிதிருத்தும் கடைக்குப் போய் நின்றாள். கடைக்காரி ஒருத்தர் தலையில் மும்முரமாக இருந்தாள்.

"அந்தப் பெட்டியத் திருப்பிக் குடுத்துடும்மா. நீ குடுத்ததை அப்படியே தந்துடறேன்."

"எதுக்குக்கா? நல்லாப் பாடுதே."

"சரி, கொஞ்சம் கூடவே வெச்சுக்கோ."

"நீங்கதானேக்கா சொன்னீங்க, ஏறுமே தவிர இறங்காதுன்னு? ஏறுறத நான் எதுக்கு இப்பவே குடுக்கணும்?"

பெட்டியக்கா இன்னும் ஏற்றினாள். கடைக்காரி சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, பேசாமல் முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். விலையைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால் எதிராளி என்ன பாடுபடுவான் என்பது பெட்டியக்காவுக்கு அன்றைக்குத்தான் மறுபக்கத்திலிருந்து விளங்கியது. வியாபாரம் பேசிப் பயனில்லை என்று, சோர்ந்துபோய்க் காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிவிட்டாள். சன்னல், அலமாரி, பந்தயம், எல்லாவற்றையும். முடி வெட்டிக்கொண்டிருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கத்தரிக்கோல் நின்றது.

கடைக்காரி சீப்பை வாயிலிருந்து எடுத்தாள். "இத முதல்லயே சொல்லக்கூடாதாக்கா? ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டு வாங்க. அவர் வாயால கேக்கட்டும், நான் வாங்கின விலைக்கே தந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை, எங்கே என்று சொல்லாமலே கூட்டிக்கொண்டு போனாள். ரொட்டிக் கடையாக இருந்த அந்த இடத்தின் கூரை நல்ல உயரம். பின்சுவரோரம் இரண்டு பெட்டிகளும் தள்ளித் தள்ளி நின்றன. அச்சகக்காரர் உள்ளே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு யாரையும் கேட்காமல் நேராகப் போய், இடதுபக்கப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

பாட்டு வேறாகிவிட்டது. கடைக்காரியே திரும்பிப் பார்த்தாள். அவர் வருஷக்கணக்காகக் கேட்ட அதே பெட்டிகள்தான். ஆனால் தாளச் சத்தம் இப்போது தரையிலிருந்து எழுந்து, கூரைவரைக்கும் போய்ச் சாவகாசமாக இறங்கி வந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பெட்டியக்கா பாட்டைக் கேட்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, எடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள் கடைக்காரி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம வீட்டுல இதுக்கு மூச்சு முட்டியிருக்கும்மா. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே." பிறகு கடைக்காரியைப் பார்த்து, "இங்கயே இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை வந்து நான் கொஞ்ச நேரம் கேக்கலாமா?" என்றார்.

"வரலாமே. ஆனா நாற்காலியில உக்காந்தா முடி வெட்டிக்கணும்ணே, கடையோட சட்டம்."

அச்சகக்காரர் தலையைத் தடவிப் பார்த்தார். உச்சியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. "காதோரம் கொஞ்சம் இருக்கும்மா. பாத்துப் பாத்து வெட்டினா ரொம்ப நாளைக்கு வரும்" என்றார்.

பெட்டியக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேறு எதற்காகவோ வந்தது என்றாலும் சிரிப்பின் கணக்கில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சன்னல் பக்கத்தில் மிஞ்சியிருந்த ஜோடியில் அவளே பாட்டைப் போட்டாள், அவர் கேட்காமலே.

அதன்பிறகு அவளுக்கு வியாபாரம் தன்னால் பெருகியது. முடிதிருத்தும் கடைக்கு வருகிறவர்கள் தலையைக் கொடுத்துவிட்டு, "இது என்ன ஸ்பீக்கர்?" என்று கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் பக்கத்து நாற்காலியில் இருக்கிற அச்சகக்காரர் சொல்லுவார். சோபா கடை வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டு, சலவைக் கடைக்காரரிடம் பின்னறையை வாடகைக்குக் கேட்டாள். அவரும் ஒரு சிறிய ஜோடியை முன்பணமாக வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். பெட்டியக்கா என்ற பெயரும் அந்த நாளில் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை சந்தைக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். அவர் மரத்தைத் தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார். விலை பேசுகிற கட்டம் வந்ததும் அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிடுவாள். நின்றால், "அருமையான பொருள்" என்று விற்கிறவனிடமே சொல்லி விலையை ஏற்றிவிடுவார். வாங்கியது எதுவும் நேரே கடைக்குப் போவதில்லை. முதலில் மாடிக்கு ஏறும், ஒரு வாரம் வீட்டில் பாடும், பிறகுதான் கீழே இறங்கும். போன வாரம் கொண்டுவந்த ஒரு ஜோடிக்கு மூன்றாம் நாளே ஆள் வந்துவிட்டது, கேட்ட விலையைக் கொடுக்கத் தயாராக. அச்சகக்காரர் போகட்டும் என்றுதான் சொன்னார். பெட்டியக்கா படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வாரம் வாங்க. நான் இன்னும் கேட்டு முடிக்கலை."